டார்ச்: முறுக்கில் பிறந்த பெயர்

இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் இருப்பது டார்ச். மின்சாரம் போனதும் வீட்டில் தேடப்படுவது டார்ச். கிணற்றுக்குள் என்ன விழுந்தது, கட்டிலுக்கடியில் என்ன ஓடிற்று என்று பார்க்க வேண்டுமானால், "டார்ச் அடிச்சுப் பாரு" என்கிறோம். யாழ்ப்பாணத்தில் இதுவே 'ரோச் லைற்'. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'பேட்டரி லைட்டு' என்று சொல்பவர்களும் உண்டு. எந்தப் பெயரில் சொன்னாலும் அது கைக்கு அடக்கமான ஒரு குழல். பொத்தானைத் தள்ளினால் ஒளி நேராகப் பாயும். இந்தச் சொல்லை ஆங்கிலம் என்று எண்ணிப் பேசுகிறவர் இன்று யாரும் இல்லை. அவ்வளவு நெருக்கமாகிவிட்டது.

ஆங்கிலத்தில் 'டார்ச் லைட்' என்றால் டார்ச்சிலிருந்து வரும் வெளிச்சம். கருவியின் பெயர் வெறும் 'டார்ச்'. தமிழில் இரண்டும் சேர்ந்து கருவிக்கே பெயராகிவிட்டன. கடன் வாங்கிய சொல்லைத் தன் வசதிக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது எந்த மொழிக்கும் இயல்பு. இந்தச் சொல்லின் கதையோ வளைத்தலில்தான் தொடங்குகிறது. ஒளி, நெருப்பு, சுடர், மின்னல் ஆகிய எதனோடும் இதன் வேருக்குத் தொடர்பில்லை. வேரின் பொருள் 'முறுக்கு'.

வைக்கோல் பிரி

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தை வென்ற பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் தேவாலயத்திலும் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. அந்த வரிசையில் வந்ததுதான் 'டோர்ஷ்'. பழைய பிரெஞ்சில் அதற்கு இரண்டு பொருள். ஒன்று, தீப்பந்தம். மற்றொன்று, முறுக்கிய வைக்கோல் கற்றை. நம் உழவர் மொழியில் சொன்னால் வைக்கோல் பிரி.

இரண்டாவது பொருள்தான் மூத்தது என்பதைப் பிரெஞ்சு மொழியில் இன்றும் வாழும் உறவுச் சொற்கள் காட்டுகின்றன. அங்கே சமையலறையில் பாத்திரம் துடைக்கும் துணிக்குப் பெயர் 'டோர்ஷோன்'. முறுக்கிய வைக்கோலால் தேய்த்துத் துடைத்த காலத்தின் எச்சம் அது. மட்டமான செய்தித்தாளை 'வெறும் டோர்ஷோன்' என்று பிரெஞ்சுக்காரர் ஏசுவதும் அந்தத் துடைப்புத் துணியை நினைத்துத்தான். மரச்சட்டங்களுக்கு இடையே வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து அப்பிய சுவருக்கு 'டோர்ஷி' என்று பெயர். நார்மண்டியிலும் அல்சாஸிலும் அந்தப் பழைய வீடுகளை இன்றும் பார்க்கலாம். துடைக்கும் துணி, மண்சுவர், தீப்பந்தம் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக இருந்தது முறுக்கிய வைக்கோல் ஒன்றே.

இன்னும் ஒரு படி பின்னால் போனால் லத்தீன். அங்கே 'டோர்க்வேரே' என்ற வினைக்கு முறுக்குதல், திருகுதல் என்று பொருள். 'டோர்க்வெஸ்' என்பது முறுக்கிச் செய்த கழுத்து வளையம். 'கால்' (Gaul) என்ற இனத்து வீரர்கள் பொன்னை முறுக்கி அணிந்த வளையம் அது. கி.மு. 361இல் டைட்டஸ் மான்லியஸ் என்ற ரோமானியர் தனிப்போரில் அந்த இனத்து வீரன் ஒருவனைக் கொன்று அவனுடைய கழுத்து வளையத்தைக் கழற்றி அணிந்துகொண்டார் என்று ரோமானியர் சொல்லிவந்தனர். அதனால் அவருக்கு 'டோர்க்வாட்டஸ்' என்ற பட்டப்பெயர் வந்து அவர் குலத்துக்கே நிலைத்தது. அந்தக் கழுத்தணியின் பெயரும் நம் கையில் உள்ள டார்ச்சும் ஒரே வேரில் கிளைத்தவை.

ஏன் முறுக்க வேண்டும்?

வைக்கோலையோ துணியையோ அப்படியே கொளுத்தினால் குப்பென்று எரிந்து சாம்பலாகிவிடும். வழி காட்ட அது உதவாது. அதையே இறுக்கமாக முறுக்கி, எண்ணெயிலோ மெழுகிலோ குங்கிலியத்திலோ தோய்த்தால் நிலைமை மாறுகிறது. முறுக்கியதும் இழைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளிகள் உண்டாகின்றன. அந்த நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுகின்றன. உட்புறம் காற்றுப் புகாதபடி இறுகியிருப்பதால் தீ மேற்பரப்பிலேயே நிற்கிறது. எரிவது எண்ணெய் ஆவி. துணி மெதுவாகத்தான் கரிகிறது. முறுக்கு தளர்ந்திருந்தால் துணியே பற்றிக்கொள்ளும், பொறி உதிரும், பிடித்திருப்பவர் கை சுடும்.

கோயில் புறப்பாட்டில் தீவட்டி பிடிப்பவர்களுக்கு இது கை அறிந்த உண்மை. நீண்ட இரும்புக் கம்பியின் தலைப்பில் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி, முறுக்கி, மேலும் மேலும் சுற்றிக் கெட்டியான உருண்டையாக ஆக்குவார்கள். எண்ணெயில் ஊறவைத்த பிறகே அதைக் கொளுத்துவார்கள். ஊர்வலம் நகர நகர, பக்கத்தில் ஒருவர் எண்ணெய்ப் பாத்திரத்தோடு நடந்து வந்து, சுடர் தணியும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். அதிகம் ஊற்றினால் எண்ணெய் வழிந்து தெருவில் எரியும். குறைந்தால் துணி கருகி நாறும். சுவாமி தெருமுனை திரும்பும்போது முகம் தெரிய வேண்டுமானால் துணி சுற்றியவரின் கையில் பிசகு இருக்கக் கூடாது. மக்கள் கண் சுடர்மேல் இருக்கிறது. சுடர் நிற்பது, அந்திக்கு முன்பே யாரோ உட்கார்ந்து முறுக்கிய முறுக்கில்.

ஒளி தரும் பொருளுக்கு முறுக்கின் பெயர் வந்ததன் நியாயம் இதுதான். செய்தவனுக்கு முதலில் தெரிந்தது வேலை. வெளிச்சம் அதற்குப் பின்னால் வந்த பலன்.

மூன்று மொழிகள், ஒரே கை

லத்தீன்காரர்கள் மட்டும் இப்படிப் பெயர் வைத்திருந்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது.

விளக்கில் போடுகிற திரியை எடுத்துக்கொள்வோம். 'திரி' என்பது பெயர்ச்சொல்லாக நிற்பதற்கு முன்பு வினைச்சொல். திரித்தல் என்றால் முறுக்குதல். பஞ்சைத் திரித்தால் திரி. நாரைத் திரித்தால் கயிறு. கார்த்திகைக்கு முதல் நாள் வீட்டுத் திண்ணையில் பஞ்சை உள்ளங்கையில் வைத்து உருட்டும் பாட்டியின் செயலே பெயராகிவிட்டது. லத்தீன் வினையிலிருந்து டார்ச் பிறந்த அதே வழியில், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், தமிழில் திரி பிறந்தது.

அடுத்து, தீவட்டி. இதன் முந்தைய வடிவம் தீவர்த்தி. தீ நம் சொல், வர்த்தி வடசொல். 'வ்ருத்' என்ற வடமொழி வேருக்குச் சுழல்தல், உருளுதல் என்று பொருள். உருட்டிச் சுருட்டியது வர்த்தி. இதே சொல்தான் மெழுகுவர்த்தியில் இருக்கிறது. ஊதுவத்தியில் வத்தியாகவும் ஊதுபத்தியில் பத்தியாகவும் தேய்ந்து நிற்கிறது. இந்தியில் விளக்குக்கும் திரிக்கும் வழங்கும் 'பத்தி' என்ற சொல்லும் இதன் வழிவந்ததே. வ்ருத் என்ற வேருக்கு லத்தீனில் 'வெர்தேரே', அதாவது திருப்புதல், என்றொரு உறவும் உண்டு.

ஆக, லத்தீனில் முறுக்கு, வடமொழியில் உருட்டு, தமிழில் திரி. ஐரோப்பாவில் ஒரு குடியானவர், கங்கைக் கரையில் ஒரு பூசகர், காவிரிக் கரையில் ஒரு மூதாட்டி. மூவரும் இருட்டை எதிர்கொள்ள உட்கார்ந்தபோது மூவர் கையும் ஒரே அசைவைச் செய்தது. மூன்று மொழிகளும் அந்த அசைவையே ஒளிக்குப் பெயராக வைத்தன. ரோமானியரிடம் இன்னொரு சொல்லும் இருந்தது. கயிற்றுக்கு 'ஃபூனிஸ்' என்று பெயர்; கயிற்றை மெழுகில் தோய்த்துச் செய்த பந்தத்துக்கு 'ஃபூனாலே'. நம் 'பந்தம்' என்ற சொல்லும் கட்டு, தளை என்ற பொருளையும் தீப்பந்தம் என்ற பொருளையும் சேர்த்தே சுமக்கிறது. கேரளத்தில் காய்ந்த தென்னோலையை இறுகக் கட்டி, வீசி வீசிக் கனலவிட்டு நடந்த பந்தம் 'சூட்டு'.

எல்லா விளக்குப் பெயர்களும் இப்படி வந்தவை அல்ல. 'லேம்ப்' என்ற ஆங்கிலச் சொல், ஒளிர்தல் என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. கிரேக்கரிடம் 'லம்பாஸ்' என்றால் முதலில் தீப்பந்தம்தான். ஏதென்ஸில் வீரர்கள் கைமாற்றி ஓடிய பந்த ஓட்டத்துக்கும் அதிலிருந்தே பெயர். தமிழில் 'விளக்கு' அந்த வகை. விளங்கச் செய்வது விளக்கு. பாத்திரத்தை விளக்கிப் பளபளப்பாக்குவதும், பாடத்தை விளக்கிப் புரியவைப்பதும் அதே வினை. ஒளியைப் பார்த்தவர் வைத்த பெயர் விளக்கு. ஒளியைச் செய்தவர் வைத்த பெயர் திரி. எந்த மொழிக்கும் இரண்டு வகைப் பெயரும் தேவைப்பட்டிருக்கிறது.

முறுக்கின் கொடுமை

டார்ச்சோடு கூடப் பிறந்த இன்னொரு சொல்லும் தமிழர் வாயில் தினமும் புழங்குகிறது. "டார்ச்சர் பண்ணாதே" என்று பிள்ளையை அதட்டும் தாய்க்கும், "மேலதிகாரி டார்ச்சர்" என்று நொந்துகொள்ளும் ஊழியருக்கும் அது டார்ச்சின் உடன்பிறப்பு என்று தோன்ற வழியில்லை. கை கால்களைக் கட்டித் திருகி வதைத்த தண்டனைக்கு லத்தீனில் 'டோர்த்தூரா', முறுக்குதல். முறுக்கிய கயிற்றின் விசையால் கல்லெறியும் போர்ப்பொறிக்கு 'டோர்மெண்டும்' என்று பெயர். வதைக்கும் கருவிக்கும் அதே பெயர். வேதனையைக் குறிக்கும் 'டார்மெண்ட்' அதிலிருந்து வந்தது.

சட்டக் கல்லூரி மாணவர்கள் 'டார்ட்ஸ்' என்று படிக்கும் தீங்கியல் சட்டத்தின் பெயருக்கும் இந்த வேர்தான். முறுக்கியது கோணலானது, கோணலானது நேர்மையற்றது, நேர்மையற்றது தீங்கு. மெக்கானிக் ஷெட்டில் நட்டை அளவோடு இறுக்கும் 'டார்க் ரெஞ்ச்' எந்தக் களங்கமும் இல்லாமல் வேரின் முதற்பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

முறுக்கிலிருந்து தீங்குக்குப் போகும் இந்தப் பாதையும் தமிழுக்குப் புதியதல்ல. நேரான கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். கொடு என்றால் வளைவு. கொடுமை முதலில் கோணல், பிறகு வன்மம். ஒருவர் சொன்னதை மாற்றிச் சொன்னால் 'திரித்துச் சொல்கிறான்' என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'டிஸ்டார்ட்' என்ற சொல்லும் டோர்க்வேரே பெற்ற பிள்ளைதான். அப்பட்டமான புளுகுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கயிறு திரித்தல்'. விளக்குத் திரியும் பொய்யும் தமிழில் ஒரே வினையின் இரு முனைகள். டார்ச்சும் டார்ச்சரும் லத்தீனில் அப்படியே. ஒரே அசைவு நாரில் நடந்தால் ஒளியாகிறது. உடம்பிலோ உண்மையிலோ நடந்தால் வதையாகிறது. இரு மொழிகளும் ஒன்றை ஒன்று கேட்காமலே இந்த அறத்தைச் சொல்லுக்குள் பொதிந்து வைத்திருப்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

வேரின் இன்னொரு கிளை கிழக்கே வந்தது. வடமொழியில் நூல் நூற்கும் கதிருக்கு 'தர்கு' என்று பெயர். அது டோர்க்வேரேயோடு ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்தது. பஞ்சை முறுக்குவதுதானே கதிரின் வேலை. அந்தச் சொல் பிராகிருதம் வழியாகத் தேய்ந்து இந்தியில் 'தக்லி' ஆயிற்று. கதர் இயக்க நாட்களில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தக்ளியாகவும் தக்களியாகவும் வந்து சேர்ந்தது. தக்களி சுற்றி நூல் நூற்ற தலைமுறையினர் தம் கையில் டார்ச்சின் தூரத்து உறவைப் பிடித்திருந்தார்கள். தமிழுக்கு இதில் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. நூற்கும் கருவிக்கும் நாம் சொல்வது கதிர். சூரியன் விடும் ஒளிக்கும் கதிர்.

பந்தம் பிடித்தவர்கள்

டார்ச் என்ற சொல்லோடு அதைப் பிடித்தவர்களின் வரலாறும் சேர்ந்து வருகிறது. தெருவிளக்கு இல்லாத லண்டனில் இரவில் நடப்பவர்களுக்கு வழிகாட்ட 'லிங்க் பாய்' என்ற சிறுவர்கள் இருந்தார்கள். சணல் சிக்கைத் தாரில் தோய்த்த பந்தத்துக்கு 'லிங்க்' என்று பெயர். சில்லறைக் காசுக்கு முன்னால் ஓடி வெளிச்சம் காட்டுவது அவர்கள் பிழைப்பு. வீடு வந்ததும் பந்தத்தை அணைக்க, வசதியானவர்கள் வாசலில் இரும்புக் கூம்புகளைப் பொருத்தி வைத்தார்கள். லண்டனின் பழைய சதுக்கங்களில் அந்தக் கூம்புகள் சில இன்னும் இருக்கின்றன. 1807இல் பால் மால் தெருவில் வாயு விளக்கு எரித்துக் காட்டப்பட்டது. அதன்பின் அந்தச் சிறுவர்களின் பிழைப்பு மெல்ல மறைந்தது.

ஆங்கில நாட்டுப்புறத்தில் சதுப்பு நிலத்தில் தோன்றி மறையும் மர்ம வெளிச்சத்துக்கு 'வில் ஓ த விஸ்ப்' என்று பெயர். வில் என்பது ஓர் ஆளின் பெயர். விஸ்ப் என்றால் கொளுத்திய வைக்கோல் கற்றை. பந்தம் பிடித்த ஆளாகவே அந்த வெளிச்சத்தை அவர்கள் கற்பனை செய்தார்கள். நாம் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றோம். அவர்கள் கையில் கொடுத்ததை நாம் வாயில் கொடுத்தோம். பார்த்த வெளிச்சம் ஒன்றே.

நம் நாட்டில் அரபு மொழி வழியாக வந்த 'மஷால்' தீப்பந்தத்துக்குப் பெயராயிற்று. பந்தம் பிடிப்பவர் மசால்ஜி. பல்லக்குக்கு முன்னால் இரவில் ஓடியவர் அவர். கும்பினி காலத்தில் வெள்ளைக்கார வீடுகளில் அதே ஆள் விளக்குத் துடைப்பவராகவும் பிறகு பாத்திரம் துலக்குபவராகவும் ஆனார். பெயர் மட்டும் மாறவில்லை. தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் அடிப்படைப் பணியிடங்களில் மசால்ஜி என்ற பெயர் நம் காலம் வரை நீடித்திருக்கிறது. மின்விளக்கு எரியும் கட்டடத்தில், தீப்பந்தத்தைக் கண்ணால் பார்க்காத ஊழியர் பந்தம் பிடிப்பவரின் பெயரில் சம்பளம் பெறுகிறார். தொழில் போன பின்னும் பெயர் நிற்கும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம்.

பந்தம் தமிழ் மண்ணில் மரியாதைக்கும் அச்சத்துக்கும் அடையாளமாயிற்று. பகலிலும் தீவட்டி பிடித்துவரச் செய்யும் உரிமை விருதாக அளிக்கப்பட்டது. அதற்குப் பகல் தீவட்டி என்று பெயர். தீவட்டிக் கொள்ளையரோ ஊரையே நடுங்கவைத்தார்கள். ஒரே சுடர், பிடித்த கையைப் பொறுத்துப் பொருள் மாறியது.

மின்னியதும் நின்றதும்

மின்சாரம் வந்தபோதுதான் சொல்லுக்குச் சோதனை வந்தது. 1880களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் உலர் மின்கலத்தை உருவாக்கினார். திரவம் சிந்தாத மின்கலம் வந்ததால் மின்விளக்கைக் கையில் எடுத்துச் செல்ல வழி பிறந்தது. நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் மின்கலங்களை ஒரு குழலுக்குள் வரிசையாக அடுக்கி, முனையில் பல்பும் பிரதிபலிப்பானும் வைத்துச் செய்த கருவிக்கு 1899 ஜனவரி 10 அன்று காப்புரிமை கிடைத்தது. அந்தக் காப்புரிமை கான்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனத்துக்குச் சேர்ந்தது. ஹியூபர்ட், ரஷ்யப் பேரரசின் மின்ஸ்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் பல தலைமுறையாகத் தொங்கும் 'எவரெடி' என்ற பெயர் அவருடைய நிறுவனத்தில் தொடங்கியதுதான். முதலில் செய்த கருவிகளை நியூயார்க் காவலர்களுக்குக் கொடுத்து, அவர்கள் தந்த பாராட்டுகளை விளம்பரமாக்கினார்கள்.

அந்த நாளைய மின்கலம் பலவீனமானது. பல்பின் கரி இழையோ மின்சாரத்தை விழுங்கியது. தொடர்ந்து எரியவிட்டால் சீக்கிரமே மங்கிவிடும். ஆகவே ஒரு நொடி அழுத்தி, பார்த்துவிட்டு, விட்டுவிட வேண்டும். மின்னி மறைவதால் அமெரிக்கர்கள் அதை 'ஃப்ளாஷ் லைட்' என்றார்கள். பிறகு டங்ஸ்டன் இழை வந்தது, மின்கலம் மேம்பட்டது, விளக்கு மணிக்கணக்கில் எரிந்தது. பெயர் மட்டும் அந்தக் குழந்தைப்பருவக் குறையோடு நின்றுவிட்டது. இன்றுவரை அமெரிக்காவில் அது ஃப்ளாஷ் லைட்தான்.

பிரிட்டிஷ்காரர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். இரவில் நடக்கிறவர் கையில் ஏந்தி வழிகாட்டும் பொருளுக்கு அவர்களிடம் அறுநூறு ஆண்டுப் பழமையான பெயர் இருந்தது. அதற்கு முன்னால் 'மின்' என்ற அடையைச் சேர்த்து 'எலெக்ட்ரிக் டார்ச்' என்றார்கள். நாளடைவில் அடை உதிர்ந்தது, டார்ச் மிஞ்சியது. வைக்கோல் இல்லை, முறுக்கு இல்லை, எண்ணெய் இல்லை, தீயே இல்லை. ஆனாலும் கையில் பிடிப்பதும் வழி காட்டுவதும் மிஞ்சியிருந்தன. செய்முறையில் பிறந்த சொல், பயனைப் பற்றிக்கொண்டு பிழைத்தது.

இந்தப் பிரிவினால் ஒரு சுவையான மாற்றம் நடந்தது. உலோகத்தை உருக்கவும் பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டவும் பயன்படும் ஊதுவிளக்கு அமெரிக்காவில் 'ப்ளோ டார்ச்'. பிரிட்டனில் 'ப்ளோ லேம்ப்'. தீயோடு இருப்பதை அமெரிக்கர் டார்ச் என்றார்கள், தீ இல்லாததை ஆங்கிலேயர் டார்ச் என்றார்கள். அமெரிக்கப் பேச்சில் 'டார்ச்' வினையானால் தீ வைத்துக் கொளுத்துதல்.

பிரிட்டனில் இந்தச் சொல் வீட்டுக்கு வீடு வேரூன்றியது இரண்டாம் உலகப் போரின்போது. 1939 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதும் இரவு வெளிச்சம் தடைசெய்யப்பட்டது. தெருவிளக்கு இல்லை, ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. வெளியே போகிறவர்களுக்குக் கைவிளக்கு மட்டும் துணை. அதையும் மெல்லிய தாளால் மூடி, தரையை நோக்கித் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். மின்கலங்களுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பழைய லண்டனின் லிங்க் பாய் செய்த வேலையை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே செய்துகொண்ட காலம் அது.

நெருப்புப் பந்தமும் சும்மா இருக்கவில்லை. 1886இல் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திரதேவி சிலை அதை உயர்த்திப் பிடித்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்காக ஒலிம்பியாவிலிருந்து பந்தம் கைமாறி ஓடியது; நாஜி அரசு தன் பெருமைக்காகத் தொடங்கிய அந்த ஓட்டம் பின்னர் உலகத்தின் சடங்காகிவிட்டது.

கட்டையும் அடியும்

தமிழுக்கு வந்தபின் டார்ச்சைச் சுற்றி நம் மக்கள் செய்துகொண்ட சொற்கள், எந்த அகராதிக் குழுவும் அமர்ந்து செய்யாதவை. உருளை வடிவ மின்கலத்துக்குக் 'கட்டை' என்று பெயர் வைத்தார்கள். கடையில் போய் "ரெண்டு பேட்டரிக் கட்டை கொடுங்க" என்றால் போதும். அதன் அளவே விளக்கின் வீரியத்துக்கும் அளவுகோலாயிற்று: இரண்டு கட்டை டார்ச் வீட்டுக்கு, மூன்று கட்டை தோட்டத்துக்கு, ஐந்து கட்டை காவலுக்கு. கட்டை தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து இன்னும் சில நாள் ஓட்டப் பார்ப்பதும் பல வீடுகளில் நடந்ததே.

வினையைப் பாருங்கள். டார்ச்சை நாம் ஏற்றுவதில்லை, அடிக்கிறோம். விளக்கு ஏற்றப்படும், பந்தம் கொளுத்தப்படும், டார்ச் மட்டும் அடிக்கப்படும். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது என்று, ஒரு திசையில் பாய்ந்து வந்து படுவதற்கெல்லாம் தமிழில் இருக்கும் வினை அடித்தல். குழலிலிருந்து நேர்கோட்டில் போய் எதிரில் உள்ளதன்மேல் படும் ஒளியின் இயல்பை முதன்முதலில் அதைக் கையில் வாங்கிய தமிழர் சரியாகக் கண்டுகொண்டார். பெயர் கடன்தான், வினை நமது. கடன்சொல்லைத் தமிழாக்குவது பெரும்பாலும் அதற்கு நாம் கொடுக்கும் வினைதான்.

அரசு ஏட்டிலும் சொல் ஏறியிருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் சின்னப் பட்டியலில் இதற்குப் பெயர் 'பேட்டரி டார்ச்'. 2019 மக்களவைத் தேர்தலில் மக்கள் நீதி மய்யத்துக்கு அது ஒதுக்கப்பட்டபோது தெருவெல்லாம் ஒலித்தது 'டார்ச் லைட் சின்னம்'. நூல்களில் கைவிளக்கு, மின்கல விளக்கு போன்ற பெயர்கள் எழுதப்படுகின்றன. அவை நல்ல பெயர்களே. கைவிளக்கு என்பது அழகும் தெளிவும் உள்ளது, அதைப் பேச்சிலும் புழங்கவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்று டார்ச் தனிக் கருவியாகவும் இல்லை. கைப்பேசியின் முதுகில் ஒரு புள்ளியாகிவிட்டது. படம் எடுக்கும்போது மின்னுவதற்காக வைத்த சிறு விளக்கை அணையாமல் எரியவிட்டால் அதுவே டார்ச். அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்த கைப்பேசியில் அந்தப் பொத்தானுக்குப் பெயர் ஃப்ளாஷ் லைட். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் டார்ச். நூறு ஆண்டுக்கு முன் கிளைபிரிந்த இரண்டு பெயர்களும் ஒரே புள்ளியில் சந்தித்திருக்கின்றன. கேமராவின் மின்னல் என்ற வகையில் ஃப்ளாஷ் மீண்டும் உண்மையாகிவிட்டது. இருட்டில் கையில் ஏந்தி நடப்பது என்ற வகையில் டார்ச்சும் பொய்யாகவில்லை.

ஒரு பொருளுக்கு நல்ல பெயர் எது என்ற கேள்விக்கு இந்த வரலாறு விடை தருகிறது. மனிதர் கை எங்கே பட்டதோ, எதற்காகப் பட்டதோ, அதைப் பிடித்துக்கொண்ட பெயர் நிற்கும். முறுக்கியவர் கை டார்ச்சில் இருக்கிறது, திரித்தவர் கை திரியில், உருட்டியவர் கை வர்த்தியில், கடைக்காரரிடம் நீட்டியவர் கை கட்டையில். கலைச்சொல் ஆக்குபவர்கள் மேசையிலிருந்து எழுந்து, அந்தப் பொருளோடு நாள் முழுதும் மல்லுக்கட்டுகிறவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். பெயர் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே இருக்கும். தீவட்டி சுற்றுபவர், கயிறு திரிப்பவர், வைக்கோல் பிரி முறுக்குபவர் ஆகியோரின் தொழிற்சொற்கள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. அவர்கள் இருக்கும்போதே அவற்றை எழுதி வைத்துக்கொள்வது தமிழுக்கு நாம் செய்ய வேண்டிய அவசர வேலை.